ஆசி வாங்கப் போன பிள்ளைகள்

1994 கடைசியில் நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் இலுப்பூர் பக்கம். விராலிமலைக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். காலையில் பால் வாங்கப் போகும்போது டீக்கடை பெஞ்சில் தினத்தந்தியைப் பிரித்து ஒருவர் சத்தமாக வாசிக்க, சுற்றி நின்று பத்துப் பேர் கேட்பார்கள். விராலிமலைக்குப் பக்கத்துப் பாத்திமா நகர் ஆசிரமத்துப் பிரேமானந்தா சாமியாரைப் போலீஸ் கைது செய்த செய்தியை நான் அங்கேதான் கேட்டேன். வாசித்தவர் முடித்ததும் யாரும் சாமியாரைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, ஒரு பெரியவர் சொன்னார்: "அந்தப் பொம்பளப் புள்ளைகள எவனோ தூண்டி விட்டிருக்கான்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அந்தத் தலையாட்டல் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பையனான நானும் சேர்ந்து தலையாட்டினேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

பெரியம்மா வீட்டுப் பூஜை அலமாரியில் அந்த ஆசிரமத்து விபூதிப் பொட்டலம் இருந்தது. ஒரு சிவராத்திரிக்கு ஊர்ப் பெண்களோடு வேன் பிடித்துப் போயிருந்தார். சாமி வாயிலிருந்து லிங்கம் எடுத்ததைக் கண்ணால் பார்த்ததாக ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பேப்பரில் செய்தி வந்த பிறகும் அந்தப் பொட்டலம் அலமாரியிலேயே இருந்தது. எப்போது காணாமல் போனது என்று தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேமானந்தா இலங்கையின் மாத்தளையைச் சேர்ந்தவர். 1983 கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தார். தன்னோடு பெற்றோர் இல்லாத பிள்ளைகள் சிலரையும் கூட்டிவந்தார். அனாதைக் குழந்தைகளைக் காப்பாற்றும் சாமி என்பதுதான் அவருக்கு இங்கே கிடைத்த முதல் பெயர். திருச்சிக்குத் தெற்கே பெரிய ஆசிரமம் எழும்பியது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் பக்தர்கள் வந்தார்கள். ஆசிரமத்திலிருந்து தப்பி வெளியே வந்த பெண்கள் வாயைத் திறந்த பிறகுதான் வழக்கு வந்தது. 13 பெண்களை, அதிலும் சிறுமிகளை, பாலியல் வல்லுறவுக்கு உள்ளாக்கியது. நடப்பதைத் தெரிந்துகொண்ட ரவி என்ற இளைஞரைக் கொன்று ஆசிரம நிலத்துக்குள்ளேயே புதைத்தது. 1997 ஆகஸ்ட் 20 அன்று புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2002இல் உயர்நீதிமன்றமும் 2005இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தன. 2011 பிப்ரவரியில், தண்டனைக் காலத்திலேயே இறந்துபோனார்.

இந்தியாவில் டிஎன்ஏ சோதனையை வைத்து ஒரு குற்றத்தை நிரூபித்த ஆரம்பகால வழக்குகளில் இதுவும் ஒன்று. ஒரு பெண்ணின் கலைக்கப்பட்ட கருவுக்குத் தகப்பன் யார் என்பதை ஆய்வுக்கூடம் சொன்னது. எதிர்த்தரப்பு வெளிநாட்டிலிருந்து நிபுணரை வரவழைத்து அதை மறுக்கப் பார்த்தது, நீதிமன்றம் ஏற்கவில்லை. எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். 13 பெண்கள் வாயால் சொன்னது எங்கள் டீக்கடைக்குப் போதவில்லை.

தீர்ப்பு வந்தபோது பத்திரிகைகள் எல்லாம் ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டன: போலிச் சாமியார். நாமும் அப்படித்தான் சொல்கிறோம். யாராவது ஒருவர் மாட்டிக்கொண்டால் அன்று சாயங்காலமே அவர் போலி ஆகிவிடுகிறார். முந்தின நாள் வரை? முந்தின நாள் வரை அவர் காலில் விழுந்தவர்களுக்கு அவர் நிஜச் சாமியார்தானே. வேன் பிடித்துப் போன பெரியம்மாவுக்கு நிஜம். பிள்ளையை ஒப்படைத்தவர்களுக்கு நிஜம். எல்லாவற்றையும்விட, ராத்திரி அவர் அறைக்குக் கூப்பிடப்பட்ட பிள்ளைக்கு அவருடைய அதிகாரம் நூற்றுக்கு நூறு நிஜம். அவள் சோறு, படிப்பு, பாய், தலையணை எல்லாம் அவர் கையில். போலி என்ற அந்த வார்த்தை யாரைக் காப்பாற்றுகிறது என்று பல வருஷமாக யோசிக்கிறேன். அது மிச்சமுள்ள சாமியார்களைக் காப்பாற்றுகிறது, அப்புறம் நம்மையும் காப்பாற்றுகிறது. அவர் போலி, நாங்கள் ஏமாந்துவிட்டோம், அவ்வளவுதான், முடிந்தது கதை.

'ஊருக்கு உபதேசம்' என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. சொல்வது ஒன்று, செய்வது ஒன்று. அரசியல்வாதி, ஆன்மிகவாதி யார் மாட்டினாலும் இதைச் சொல்லித்தான் நாம் கோபப்படுகிறோம். எனக்கு இது போதவில்லை. இதில் உபதேசம் ஒரு பக்கமும் குற்றம் இன்னொரு பக்கமும் தனித்தனியாக இருப்பது மாதிரியும், ஒருத்தர் பகலில் ஒரு வேலை, ராத்திரி ஒரு வேலை பார்ப்பது மாதிரியும் தொனிக்கிறது. நான் பார்த்த, வாசித்த ஒவ்வொரு விஷயத்திலும் அந்த உபதேசம்தான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. ஒழுக்கம் பேசியதால்தான் பெற்றவர்கள் நம்பிப் பிள்ளையை விட்டார்கள். ஒழுக்கம் பேசியதால்தான் பிள்ளை சொன்னதை யாரும் நம்பவில்லை. பகல் பேச்சு இல்லாமல் அந்த ராத்திரி நடந்திருக்கவே முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

2018 ஏப்ரல் 25. கோடை விடுமுறைக்கு எல்லோரும் ஊரில் கூடியிருந்தோம். டிவியில் வடநாட்டுச் சாமியார் ஆசாராம் பாபு மீதான சிறுமி வல்லுறவு வழக்கின் தீர்ப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஜோத்பூர் சிறைக்குள்ளேயே நீதிமன்றம் கூடித் தீர்ப்பு சொன்னது: சாகும்வரை சிறை. பெரியம்மா மகள், எனக்கு ஒரு வயது மூத்த அக்கா, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். அந்தப் பெண்ணின் அப்பாவே அவளைக் கூட்டிக்கொண்டு போய் ஆசிரமத்தில் விட்டார் என்று செய்தியில் சொன்னபோது, யாரையும் பார்க்காமல், "எங்கம்மாவுந்தான் என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சாங்க" என்றாள்.

எங்கள் பகுதியில் அப்போது ஒருவர் இருந்தார். பெயர் சொல்லப்போவதில்லை, அவர் இப்போது உயிரோடும் இல்லை. கோயில் கமிட்டியில் பெரிய ஆள், கட்சியிலும் செல்வாக்கு. மார்கழி மாதம் விடியற்காலையில் மைக் வைத்துத் திருப்பாவை சொல்லி, அதோடு சேர்த்துப் பெண் பிள்ளைகள் எப்படி நடக்க வேண்டும், தாவணியை எப்படிப் போட வேண்டும், சினிமா பார்த்துக் கெட்டுப்போகாமல் எப்படி இருக்க வேண்டும் என்று ஊருக்கே கேட்கும்படி பேசுவார். பரீட்சைக்கு முன்னால் பிள்ளைகளுக்கு மந்திரித்த கயிறு கட்டிவிடுவார். அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. கயிறு கட்டுகிற சாக்கில் அவர் தொடக்கூடாத விதமாகத் தொட்டிருக்கிறார். அடுத்த வருஷம் போக மாட்டேன் என்று அடம்பிடித்தாள். திமிர் பிடித்தவள் என்று பெரியம்மாவிடம் அடி வாங்கினாள். அந்த அடி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் சாமி கும்பிட மாட்டேன் என்கிறாள் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். 'அக்கா கொஞ்சம் முரடு' என்று அதன்பின் இருபத்தைந்து வருஷம் நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்று நாங்கள் கேட்டோம், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று. எல்லோரும் கேட்கிற முட்டாள்தனமான கேள்வி. அவள் சொன்னாள்: "சொன்னா, தாவணி சரியாப் போட்டியான்னு கேட்டிருப்பீங்க. அதத்தான அவரு தெனமும் மைக்குல சொல்லிக்கிட்டு இருந்தாரு."

இதற்கு மேல் தெளிவாக இந்த விஷயத்தை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஒரு பிள்ளை வந்து குற்றம் சொன்னால் ஊர் என்ன பதில் சொல்லும் என்பதை அந்த மனுஷன் முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு மார்கழியும்.

ஆசாராம் வழக்கை அதற்குப் பிறகுதான் முழுசாக உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க அக்கா சொன்னதே திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பெண் உத்தரப்பிரதேசத்தின் ஷாஜஹான்பூரைச் சேர்ந்தவள். அப்பா தீவிர பக்தர், சொந்த ஊரில் ஆசாராமுக்கு ஆசிரமம் கட்ட உழைத்தவர். மகளை மத்தியப்பிரதேசத்தில் சிந்த்வாராவிலிருந்த ஆசாராமின் குருகுலத்தில் படிக்க வைத்திருந்தார். பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது, பாபாவிடம் கூட்டிப்போனால்தான் சரியாகும் என்று அங்கிருந்து சொல்லி அனுப்பினார்கள். 2013 ஆகஸ்ட் 15 இரவு, ஜோத்பூருக்குப் பக்கத்தில் மணாய் கிராமத்து ஆசிரமத்தில், பெற்றவர்கள் வெளியே இருக்க, பதினாறு வயதுப் பெண் உள்ளே போனாள்.

அதே வருஷம் ஜனவரியில் ஆசாராம் என்ன பேசிக்கொண்டிருந்தார் தெரியுமா? டில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவி சிதைக்கப்பட்டு இறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. நாடே தெருவில் நின்றது. அப்போது அவர் சொன்னார், தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை, ஒரு கை தட்டினால் ஓசை வராது, அந்தப் பெண் அவர்களை 'அண்ணா' என்று கூப்பிட்டுக் கெஞ்சியிருந்தால் இது நடந்திருக்காது என்று. ஏழே மாதம் கழித்துத்தான் மணாய். பலர் இதை அவருடைய இரட்டை முகத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு ஒரே முகம்தான் தெரிகிறது. பாதிக்கப்பட்டவள் மேல் பாதிக் குற்றத்தைத் தூக்கிப் போடும் ஒருவர், ஜனவரியில் மைக்குக்கு முன்னால் பேசினாலும் ஆகஸ்டில் அறைக்குள் இருந்தாலும் ஒரே ஆள்தான். காதலர் தினம் நம் பண்பாட்டுக்கு ஆகாது, பிப்ரவரி 14ஐப் பெற்றோரை வணங்கும் நாளாக்க வேண்டும் என்று பிரசாரம் செய்தவரும் அவர்தான். சத்தீஸ்கர் அரசு பள்ளிக்கூடங்களில் அதைக் கொண்டாடவே உத்தரவு போட்டது. பெற்றோரை வணங்கு, பெற்றோர் குருவை வணங்கட்டும். அந்தப் பிள்ளை ராத்திரி அறைக்குள் போனது இந்த ஏணியில் ஏறித்தான்.

ஜாமீன் விசாரணையில் அவருக்காக என்ன வாதிடப்பட்டது என்பதும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு ஆண்களை நாடும் ஒரு நோய் இருக்கிறதாம். இதைவிடக் கொடுமை, சாட்சிகளுக்கு நடந்தது. ஆசிரமத்து வைத்தியராக இருந்தவர் 2014இல் ராஜ்கோட்டில் சுடப்பட்டு இறந்தார். சமையல்காரராக இருந்தவர் 2015இல் முசாபர்நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே வருஷம் ஷாஜஹான்பூரிலேயே இன்னொரு சாட்சி. இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண்ணும், ஒரு காலத்தில் பாபாவைத் தெய்வமாகக் கும்பிட்ட அவள் அப்பாவும் ஐந்து வருஷம் சாட்சி சொல்லி நின்றார்கள். அந்த அப்பாவை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எங்கள் டீக்கடையில் தலையாட்டிய யாரும் செய்யாததை அவர் செய்தார். தன் நம்பிக்கையை விட்டுவிட்டுத் தன் பிள்ளையை நம்பினார்.

எல்லா அப்பாக்களுக்கும் அது முடிவதில்லை. கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் கொட்டியூரில் 2017இல் ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. காரணம் அந்தப் பங்கின் பாதிரியார் ஃபாதர் ராபின், அவள் படித்த பள்ளிக்கு நிர்வாகியும் அவரே. ஆனால் முதலில் போலீசிடம் யார் குற்றத்தை ஒப்புக்கொண்டது தெரியுமா? அந்தப் பெண்ணின் அப்பா. பாதிரியாரைக் காப்பாற்றுவதற்காக, சொந்த மகளைக் கெடுத்தவன் நான்தான் என்று சொல்ல ஒரு மனிதனை வைத்துவிட முடிந்தது. டிஎன்ஏ சோதனைதான் அங்கேயும் உண்மையைச் சொன்னது. 2019இல் தலச்சேரி நீதிமன்றம் இருபது வருஷம் தண்டனை கொடுத்தது; பிறகு உயர்நீதிமன்றம் அதைப் பத்து ஆண்டாகக் குறைத்தது. நான் இந்தச் செய்தியைப் படித்த அன்று ராத்திரி சாப்பிட முடியவில்லை. இந்து, கிறித்தவர் என்று மதம் பிரித்துச் சண்டை போடுபவர்கள் இந்த இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். காவியோ வெள்ளை அங்கியோ, பிள்ளை சொல்வதைவிட அந்த உடை சொல்வது பெரிது என்று ஒரு வீடு நம்பிவிட்டால் போதும்.

சரி, சாமியார்களைச் சொல்லியாகிவிட்டது. மேடையில் அவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்களைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிதான்.

ஒரு முதலமைச்சரோ மந்திரியோ போய்க் காலில் விழும்போது அந்தப் படம் மறுநாள் பேப்பரில் வருகிறது. ஆசிரமத்தின் சுவரில் மாட்டப்படுகிறது. அந்தச் சுவரைக் கடந்துதான் ஒரு பிள்ளை உள்ளே போகிறாள். வெளியே ஓடிவந்தால் புகார் கொடுக்க வேண்டிய போலீஸ் ஸ்டேஷனும் அந்தப் படத்தில் இருக்கும் ஆளுக்குக் கீழேதான் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். ஓட்டுக்காகப் போனேன், மரியாதைக்காகப் போனேன் என்று அவர்கள் பிறகு சொல்லிக்கொள்ளலாம். படம் சுவரில் இருந்த வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

ஹரியானாவின் சிர்சாவில் தேரா சச்சா சௌதா என்ற அமைப்பின் தலைவர் குர்மீத் ராம் ரகீம் பற்றி ஒரு பெண் 2002இல் பிரதமருக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதினாள். தீர்ப்பு வந்தது 2017 ஆகஸ்டில். பதினைந்து வருஷம்! நடுவில் எத்தனை தேர்தல், எத்தனை கட்சித் தலைவர்கள் அந்த வாசலில் வரிசையில் நின்றார்கள். இரண்டு பெண் சீடர்களை வல்லுறவு செய்த குற்றத்துக்கு இருபது வருஷம் தண்டனை. தீர்ப்பு நாளன்று நடந்த கலவரத்தில் 30க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்குப் பிறகாவது எல்லாரும் விலகியிருப்பார்கள் என்று நினைத்தால், இல்லை. 2022 பிப்ரவரியில் பஞ்சாப் தேர்தலுக்கு முன்பு சிறை விடுப்பில் வெளியே வந்தார். 2024 அக்டோபரில் ஹரியானா தேர்தலுக்கு முன்பு வெளியே வந்தார். 2022 அக்டோபரில் பரோலில் வந்து இணையம் வழியாக சத்சங்கம் நடத்தியபோது கர்னால் நகர மேயரே அதில் கலந்துகொண்டார். தண்டனைக் கைதியிடம் ஆசி வாங்க ஒரு நகரத்தின் முதல் குடிமகள் வருகிறார் என்றால், அந்த ஊர்ப் பெண் பிள்ளைகள் அதிலிருந்து என்ன புரிந்துகொள்வார்கள்.

2022 ஆகஸ்ட் 15ஐயும் சொல்ல வேண்டும். அன்று காலை செங்கோட்டையிலிருந்து பிரதமர் பேசினார். பெண்களை இழிவுபடுத்தும் எதையும் நம் பேச்சிலும் நடத்தையிலும் விட்டொழிக்க உறுதி எடுப்போம் என்றார். நான் அந்தப் பேச்சைக் கேட்டேன், நல்ல பேச்சு என்றும் நினைத்தேன். அதே நாள் குஜராத்தில் கோத்ரா கிளைச் சிறையிலிருந்து 11 பேர் தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே வந்தார்கள். 2002 கலவரத்தில் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்த பில்கிஸ் பானுவைக் கூட்டு வல்லுறவு செய்து, அவருடைய மூன்று வயது மகள் உள்ளிட்ட குடும்பத்தினரைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்கள். அவர்களுக்கு மாலை போட்டு இனிப்பு ஊட்டினார்கள். விடுதலைக்குப் பரிந்துரை செய்த குழுவில் ஆளுங்கட்சி எம்எல்ஏக்கள் இருவர் இருந்தார்கள். அதில் ஒருவர், அவர்கள் பிராமணர்கள், நல்ல சம்ஸ்காரம் உள்ளவர்கள் என்று ஒரு பேட்டியில் சொன்னார். சம்ஸ்காரம்! இதுதான் அந்த வார்த்தையின் வேலை. ஒழுக்கம் என்பது ஒருவர் செய்வதில் இல்லாமல் அவர் பிறப்பிலும் உடையிலும் இருப்பதாக ஆகிவிட்டால் அப்புறம் அவர் என்ன செய்தாலும் அது ஒட்டாது. 2024 ஜனவரி 8 அன்று உச்சநீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, எல்லோரையும் இரண்டு வாரத்தில் திரும்பச் சிறைக்குப் போகச் சொன்னது. அந்த அம்மாவும் இத்தனை வருஷம் வீடு மாறி வீடு மாறி வாழ்ந்து, நீதிமன்றம் நீதிமன்றமாக நின்றதால்தான் இது நடந்தது.

நம் பக்கத்துக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் எனக்கு இதில் மிகவும் வலிக்கும் இடம் இங்கேதான் இருக்கிறது. இலங்கை வடமாகாணத்தின் முதலமைச்சராக இருந்த சி.வி.விக்னேஸ்வரன் பிரேமானந்தாவின் பக்தர். அதை அவர் மறைத்ததில்லை. அந்நாட்டின் உச்சநீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 2015இல் வடமாகாண சபையில் இனப்படுகொலைத் தீர்மானம் கொண்டுவந்தவர், தமிழர்களுக்கு நீதி வேண்டும் என்று உலகத்திடம் கேட்டவர். அந்தக் குரல் தேவையான குரல், நானும் மரியாதையோடுதான் கேட்டேன். அதே மனிதர் பதவியில் இருந்தபோது, பிரேமானந்தாவோடு தண்டனை பெற்ற சீடர்களை விடுவிக்கச் சொல்லி இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். தன் குரு நிரபராதி என்று ஒரு பக்தர் நம்பலாம், அது அவர் மனசு. ஆனால் பாத்திமா நகர் ஆசிரமத்தில் இருந்த அந்தப் பிள்ளைகள் யார்? ஈழத்திலிருந்து வீடு எரிந்து, பெற்றோரை இழந்து, கடல் தாண்டி வந்த தமிழ்ப் பிள்ளைகள். போரில் தமிழ்ப் பெண்களுக்கு நடந்ததற்கு நீதி கேட்கும் ஒருவருடைய பட்டியலில் அவர்கள் ஏன் இல்லை? மூன்று நீதிமன்றங்கள் கேட்டு நம்பிய அவர்களுடைய சொல்லை, வாழ்நாள் முழுக்கச் சாட்சியங்களை எடைபோட்ட ஒரு நீதிபதி ஏன் நம்பவில்லை? யோசித்துப் பார்த்தால் எங்கள் டீக்கடைப் பெரியவர் சொன்னதுதான். படிப்பும் பதவியும் அதை மாற்றவில்லை.

அந்த 1997 தீர்ப்பில் ஒரு விஷயத்தைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். தண்டனையோடு நிறுத்தாமல், பின்னால் எந்த அரசு பொதுமன்னிப்பு, தண்டனைக் குறைப்பு கொடுத்தாலும் அது இந்தக் குற்றவாளிக்குப் பொருந்தாது என்றும் எழுதியிருந்தார் நீதிபதி. ஆசிரமத்துச் சுவரில் யார் யார் படமெல்லாம் மாட்டப்படும் என்று தெரிந்து எழுதியது போல இருக்கிறது. பில்கிஸ் பானு வழக்கையும் ராம் ரகீம் பரோல்களையும் பார்த்த பிறகு அந்த வரியின் அருமை எனக்கு இன்னும் கூடியிருக்கிறது. அந்த நீதிபதி ஆர்.பானுமதி. பிறகு உச்சநீதிமன்றம் வரை போனார். டில்லிப் பேருந்து வழக்கின் மேல்முறையீட்டை விசாரித்த மூன்று நீதிபதிகளில் அவரும் ஒருவர். 2017 மே மாதம் வந்த அந்தத் தீர்ப்பில் தனியாகத் தன் கருத்தை எழுதினார். எந்தப் பெண் 'அண்ணா' என்று கெஞ்சியிருக்க வேண்டும் என்று ஒரு சாமியார் சொன்னாரோ, அந்தப் பெண்ணின் வழக்கு.

என் நண்பர்கள் சிலர் கேட்பார்கள், அப்போ யாரையுமே நம்பக் கூடாதா, பெரியவர்கள் என்று யாருமே வேண்டாமா என்று. நான் கோயிலுக்குப் போகிறவன்தான். எங்கள் குலசாமிக்கு வருஷா வருஷம் பொங்கல் வைக்கிறவன்தான். நான் கேட்பதெல்லாம் சின்ன விஷயம். ஒரு பிள்ளை ஒருவரிடம் போக மாட்டேன் என்று சொன்னால், அவர் எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும், அந்த 'மாட்டேன்' முதலில் நிற்க வேண்டும். அந்தப் பெரிய மனுஷனின் பேச்சு, பட்டம், மேடை, சேவை எல்லாம் அதற்குப் பின்னால்தான் வர வேண்டும். நம் வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. பிள்ளையின் மறுப்புக்கு நாம் வைத்திருக்கும் பெயர் திமிர்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டபத்தில் முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் ஒருவர், நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு. சொந்தக்காரர் ஒருவர் பிள்ளைகளை எல்லாம் வரிசையாகக் கூட்டிப் போய் அவரிடம் ஆசீர்வாதம் வாங்க வைத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மேல் எந்தக் குறையும் எனக்குத் தெரியாது, நல்லவராகவே இருக்கலாம். அக்காவின் சின்ன மகள், ஒன்பது வயது, பாதி வழியில் நின்றுவிட்டாள். "நான் போகல" என்றாள். சொந்தக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். "பெரியவங்க கூப்பிட்டா போகணும், இல்லன்னா சாமி கண்ணக் குத்தும்" என்றார்.

பெரியம்மாவுக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது, முழங்கால் வலி, நாற்காலியை விட்டு எழுவதே பெரும்பாடு. அன்று நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து, மெதுவாக நடந்து போய், பேத்தியின் கையை அந்த ஆளின் பிடியிலிருந்து விடுவித்தார். "அது வேணாங்குதுல்ல தம்பி, விடுங்க" என்றார். பிள்ளையைக் கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

அக்கா இதைப் பந்தி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் மகளும் இதுவரை அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.